பின்சுவரில் கவிழ்த்த கப்

வீட்டுக் குசினிகளை வரைந்து கொடுப்பது என் தொழில். அடுப்பு எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, புகை எந்த யன்னலால் போகும் என்பதெல்லாம் முடிவாகி, ஓடாவி றாக்கைப் பலகைகளைப் பூட்டிவிட்டுப் போன பிறகு, வீட்டுக்காரரிடமிருந்து கடைசியாக ஒரு கேள்வி வரும்: "கப்புகளுக்கு என்ன செய்யிறது?" கொக்குவிலில் அண்மையில் முடித்த வீட்டுக்கு அந்தக் கேள்வி ரொறன்ரோவிலிருந்து ஒரு படமாக வந்தது. கதவில்லாத மரத்தட்டு ஒன்று. அதில் ஆறு கப். பாசிப்பச்சையில் தொடங்கிச் சாம்பல் வரை நிறம் படிப்படியாக வெளிறிக்கொண்டு போகிறது. கைபிடிகள் எல்லாம் வலப்பக்கம் பார்க்கின்றன. அம்மா தனியாக இருக்கப்போகும் வீட்டுக்கு மகள் தேர்ந்த படம் அது. "இப்பிடியே செற்றா வேணும் அண்ணா, பாக்க வடிவா இருக்கவேணும்" என்று கீழே எழுதியிருந்தார்.

சொல்லைப் பற்றி ஒன்று. நம்மூரில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது. மக் என்று எழுதலாமென்றால், பன்மையில் யாரையோ திட்டுவதுபோல ஆகிவிடுகிறது. ஆகவே கைபிடி வைத்த பீங்கான் எல்லாவற்றையும் கப் என்றே சொல்கிறேன்.

பத்திரிகையின் நடுப்பக்கத்தில் எழுத இதில் என்ன இருக்கிறது என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன். ஆனால் 'செற்' என்ற சொல்லை யாழ்ப்பாணக் குசினிக்குள் சொன்னால் அது நிறப் பொருத்தத்தோடு நிற்பதில்லை. யாருக்கு எந்தக் கப் என்ற பழைய கணக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கணக்குக்கு வருமுன் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் முதல் தவறு அங்கேதான் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு நானே தேடி வாங்கிக் கொடுத்தவை, உள்ளும் புறமும் கரிய நிறத்தில், பளபளப்பில்லாத மேற்பூச்சுக் கொண்ட எட்டுக் கப்புகள். கடை வெளிச்சத்தில் ஆற்றங்கல் போல இருந்தன. ஆறே இல்லாத ஊருக்கு ஆற்றங்கல் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஒவ்வொரு கப்பின் உள்ளும் தேத்தண்ணி நின்ற மட்டத்தில் வெள்ளை வளையம். அடியில் சீனி கலக்கிய கரண்டியின் சாம்பல் கீறல்கள். "எவ்வளவு தேய்ச்சும் போகுதில்லைத் தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதனால் கூடுதலாக வெட்கப்பட்டேன்.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே நிலத்தடிக்கு இறங்கி, நம் கிணறுகளில் ஊறுகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை அறியாதவர் இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் தேத்தண்ணியின் மேல் மினுங்குகிற மெல்லிய ஆடையும் அதே சுண்ணாம்பின் வேலைதான் என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். தண்ணீரில் கல்சியமும் இருகாபனேற்றும் இருந்தால், தேயிலைச் சாயத்திலுள்ள பொலிபீனோல்கள் காற்றுப் பட்டு ஒட்சியேறித் திரண்டுவிடும். 1990களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் வேதியியலாளர்கள் இதைப் பரிசோதித்தே பார்த்தார்கள்: காய்ச்சி வடித்த நீரில் ஆடை படியவில்லை, புளிப்புச் சேர்த்தாலும் படியவில்லை. கப்பின் உட்சுவரில் ஏறும் மண்ணிறக் கறை இந்த ஆடையின் மிச்சம். பளபளப்பில்லாத பூச்சின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பானது. சுண்ணாம்புக்கும் சாயத்துக்கும் அது நல்ல பிடிமானம். கரண்டியின் உலோகமும் அதில் உரசி ஒட்டிக்கொள்ளும். மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் எடுத்த படத்தைப் பார்த்து நம் கிணற்றடியில் கப் வாங்கினால் இதுதான் நடக்கும்.

ஆகவே இப்போது நான் சொல்வது: வெளியில் எந்த நிறமானாலும் உள்ளே வழுவழுப்பும் வெளிறிய நிறமும் வேண்டும். கறை தெரியுமே என்பார்கள். தெரியட்டும், தெரிந்தால்தானே கழுவுவோம். வெள்ளை வளையத்துக்குப் பழப்புளியோ பிழிந்த தேசிக்காய்த் தோலோ போதும். மண்ணிறக் கறைக்கு அப்பச்சோடா. கடையில் கப்பைக் கைபிடியில் தூக்கி விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். நன்றாகச் சூளையில் வெந்தது மணிபோல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிருந்தால் சத்தம் செத்துப்போகும். மூன்று விரல் நுழையாத கைபிடியை, விரல் மூட்டு வலியுள்ள வயதானவர் இருக்கும் வீட்டுக்கு வாங்காதீர்கள். கொள்ளளவும் முக்கியம். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் பெரிய கப் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கொள்ளும், கிட்டத்தட்ட ஒரு ரின்பால் பேணி. நாம் விருந்தாளிக்கு ஊற்றும் தேத்தண்ணி அதில் பாதிக்குத்தான் வரும். பாதிக் கப் தேத்தண்ணி யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தி. 'சரி, எழும்பலாம்' என்று அதற்கு அர்த்தம். 200 மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டிய கப் அந்தச் சங்கடத்தைத் தராது.

சைவ வீடுகளுக்கு இன்னொன்று. 'போன் சைனா'வில் உள்ள போன் எலும்பேதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் செம்மைப்படுத்திய அந்தக் கலவையில் ஏறத்தாழ அரைப்பங்கு மாட்டெலும்புச் சாம்பல். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகளில் அதே கப்பில் விரதத் தேத்தண்ணி குடிப்பதைக் கண்டிருக்கிறேன். வெந்து சாம்பலான பிறகு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் கப்பைத் திருப்பி அடியில் அச்சிட்டிருப்பதை வாசித்துவிட்டு வாங்குவது நல்லது.

எங்கள் தாய்மாருக்கு செற் என்றால் வேறு பொருள். ஆறு கப், ஆறு சோசர், ஒரு ரீபொட், சீனிக்கும் பாலுக்கும் இரண்டு சாமான். யப்பானிய நொரிடாக்கியின் கூட்டோடு 1972இல் மாத்தளையில் பீங்கான் ஆலை வந்தது. 1984இல் தங்கொட்டுவ நிறுவனம் வந்தது. கலியாணப் பரிசாக வந்த அந்தச் செற்றுகள் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறிய நாளிலிருந்து இறங்கியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து கூட வந்தவை எவர்சில்வர் பேணிகள். செற் அலுமாரியிலேயே நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கப்பும் ஐந்து சோசரும் மிச்சம். ஐந்து சோசர் எப்படித் தப்பின என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத புதிர். தப்பிய இரண்டு கப்பையும் அம்மா மறுபடி அலுமாரியில் வைக்கவில்லை. அன்று முதல் அவற்றில் குடிக்கத் தொடங்கினார். பெட்டியாக விற்கும் செற்றை நான் பரிந்துரைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். உடைந்தால் ஒன்றை மட்டும் வாங்கிச் சேர்க்கக்கூடியதாக, ஒரே அச்சில் தனித்தனியே கிடைக்கும் கப்பைத் தேடுங்கள்.

இனி அந்தக் கணக்கு. கொக்குவில் வீட்டின் பழைய குசினியை அளக்கப் போன அன்று, பின்சுவரின் வெளிப்பக்கத்தில், தண்ணீர்ப் பைப்புக்கு மேலே ஒரு சிறு மாடம் இருந்தது. அதில் இரண்டு கப் கவிழ்த்திருந்தன. ஒன்று கைபிடி உடைந்த பீங்கான், மற்றது வெயிலில் வெளிறிய பிளாஸ்ரிக். இவற்றுக்குப் புது வீட்டில் எங்கே இடம் விடுவது என்று கேட்டேன். "அது உள்ளுக்குத் தேவையில்லைத் தம்பி. தேங்காய் பிடுங்க வாற ஆக்களுக்கு" என்றார் அந்த வீட்டு அம்மா, உப்புப் போத்தல் இருக்கும் இடத்தைச் சொல்வதுபோல. அவர் கல்நெஞ்சர் அல்லர். தேங்காய் பிடுங்க வருபவரை மத்தியானச் சோறு கொடுக்காமல் அனுப்பமாட்டார். அவரைவிட நான் என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு உறுத்தியது. வரைபடத்தில் பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தட்டைக் கீறி, 'வெளிப்பாவனை' என்று எழுதிவிட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிரவு பழைய வரைபடங்களைப் புரட்டினேன். ஏழு வீடுகளில் அதே தட்டு இருந்தது.

சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டு, சிரட்டையிலும் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேத்தண்ணி வாங்கி, கடைக்கு வெளியே நின்று குடித்தவர்களின் ஊர் இது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்றது. கிளாசுகள் உடனே ஒன்றாகிவிடவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் அடிவாங்கியது. அதன் பின்னான ஆண்டுகளில் சங்கானையிலும் நெல்லியடியிலும் தேநீர்க் கடைக்குள் போய் மற்றவர் குடிக்கும் அதே கிளாசில் குடிப்பதற்காக மனிதர் உயிர்விடவும் நேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். கடைகள் மாறின. இன்று எந்தக் கடையிலும் யாரும் யாரையும் வெளியே நிற்கச் சொல்வதில்லை. கடை மாறிய வேகத்தில் வீட்டின் பின்சுவர் மாறவில்லை என்பதே என் வாதம். அதற்கு என்னிடம் உள்ள சான்று அந்த ஏழு வரைபடங்கள்.

மறுத்துச் சொல்லக்கூடியவை உண்டு. மூக்குப்பேணியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நம் பண்பாட்டின் சின்னமாக வரவேற்பறையில் வைக்கிறோம். அதன் மூக்கு, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கானது. ஒரு பாத்திரத்தைப் பலர் எச்சில்படாமல் பகிர அது உதவியது என்பது உண்மை. நோய் பரவும் காலத்தில் அந்தப் புத்தியை யாரும் இகழமுடியாது. அதே மூக்கு தீட்டுக்கும் காவல் நின்றது என்பதும் உண்மை. ஒரு பொருளுக்குள் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சுத்தம் என்ற வாதம் கப்புக்குப் பொருந்தாது. சவர்க்காரமும் தண்ணீரும் எல்லார் எச்சிலையும் ஒரே மாதிரித்தான் கழுவுகின்றன. இன்னொரு மறுப்புக் கூடுதல் நியாயமானது: தனக்கென்று ஒரு கப் வைத்திருப்பது அன்பின் அடையாளம், எல்லாம் ஒன்றுபோலானால் வீடு கன்ரீன் ஆகிவிடும் என்பது. பேரப்பிள்ளை தன் படம் போட்ட கப்பைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பிரச்சினை, ஒருவருக்கு இன்னொருவர் ஒதுக்கி வைக்கும் கப்.

ரொறன்ரோ மகளிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. கதவில்லாத தட்டில் வலிகாமத்துச் செம்மண் புழுதி ஏறும், கப்பைக் கவிழ்த்தே வைக்கவேண்டும், பிறகு பல்லி என்று நடைமுறைக் காரணங்களைச் சொன்னேன். நிறம் படிப்படியாக வெளிறும் யோசனைக்கு மட்டும் வேறு காரணம் வைத்திருந்தேன்: நாலு நிறம் இருந்தால் நாலு மாதத்தில் சாம்பல் நிறம் பின்வாசலுக்குப் போய்விடும். ஒரே அச்சில், வெளியே இளம்பச்சையும் உள்ளே பால்வெள்ளையுமாகப் பன்னிரண்டு கப் வாங்கினோம். ஆறு போதாதா என்று கேட்டார். தேங்காய் பிடுங்க, கிணறு இறைக்க, பைப் பார்க்க வருபவர்களையும் எண்ணினால் போதாது. அம்மாவிடம் மட்டும் நேராகச் சொன்னேன், 'வெளிப்பாவனை'த் தட்டை வெட்டிவிட்டேன் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உம்மட விருப்பம்" என்றார்.

வேலை முடியும் தறுவாயில் மேசன் பின்விறாந்தைக்கு மாபிள் பதித்துக்கொண்டிருந்தார். அம்மா தட்டத்தில் மூன்று புதுக் கப் கொண்டு வந்தார். எனக்கு ஒன்று, ஓடாவிக்கு ஒன்று, மேசனுக்கு ஒன்று. "கடுதாசிக் கப் இல்லையோ அம்மா? கை முழுக்கச் சீமெந்து" என்றார் மேசன். "கழுவினாப் போகும்" என்று சொல்லி அம்மா கப்பை யன்னல் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். மேசன் எடுத்த வரிசையை முடித்து, பைப்படியில் கையை முழங்கை வரை கழுவி, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கப்பை எடுத்தார். அதற்குள் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்தது. கப்பை முகத்துக்கு மேலே உயர்த்தி, விளிம்பு உதட்டில் படாமல், அண்ணாந்து ஊற்றினார். கப்புக்கு மூக்கு இல்லையே. பாதி நாடியால் வழிந்து சேட்டில் இறங்கியது.