இயந்திரம் படம் தரும், பெயர் தருமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கல்வெட்டைக் காப்பவன் அரசனின் பெயரைக் காக்கிறான். ஓலைச்சுவடியைக் காப்பவன் புலவனின் பெயரைக் காக்கிறான். சாமானிய மனிதனின் முகத்தைக் காப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, பழைய ஸ்லைடுகளைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுந்தது.

மாணவத் தோழர்களே! நான் கூறுவது நம் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் கண்ணாடி ஸ்லைடு அன்று. 5 செ.மீ. சதுரச் சட்டத்துக்குள் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் அடங்கியிருக்கும் வண்ணப் படச்சுருள் துண்டு. இருட்டறையில் புரொஜெக்டர் வழியே ஒளி பாய்ச்சினால் சுவர் முழுதும் விரியும் சித்திரம். ஒரு காலத்தில் பேராசிரியர்கள் இதைக் கொண்டே பாடம் நடத்தினார்கள். 1935இல் பிறந்த கோடாக்குரோம் படச்சுருளின் தயாரிப்பு 2009இல் நின்றது. கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை 2004இலேயே நிறுத்திவிட்டது. ஆக, பார்க்கும் கருவியும் போயிற்று. படம் மட்டும் அலமாரியில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் திருவண்ணாமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறையவே உண்டு. அண்ணாமலையார் கோயிலையும் ரமணாசிரமத்தையும் காண உலகின் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் காமிராவோடு வந்தார்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில், ரமணர் மறைந்த நாட்களில், இங்கே இருந்தார். புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிந்து வைத்துள்ளது. நம் ஊரைப் பற்றியே 1989 முதல் பல தொகுதிகளாக நூல் வெளிவந்துள்ளது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களையும் அந்நிறுவனம் எண்மமாக்கியிருக்கிறது. வெளியார் செய்த அளவுக்கு, உள்ளூரில் நாம் என்ன செய்தோம்?

"ஆயிரக்கணக்கான ஸ்லைடை யார் உட்கார்ந்து ஸ்கேன் செய்வது?" என்று சலிப்பார்கள் சிலர். அதற்கும் வழி உண்டு. நிக்கான் கூல்ஸ்கேன் 5000 என்ற கருவியோடு ஒரு ஃபீடரை இணைத்தால் 50 ஸ்லைடுகள் வரை அடுக்கி வைத்துவிடலாம்; ஒவ்வொன்றாகத் தானே உள்ளே தள்ளிப் படியெடுக்கும். அங்குலத்துக்கு 4000 புள்ளிகள் என்ற கணக்கில் ஒரு படம் ஏறத்தாழ இரண்டு கோடிப் புள்ளிகளாக வந்து சேரும். நிக்கான் இப்போது இவ்வகைக் கருவியைச் செய்வதில்லை. பழையது கிடைத்தால்தான் உண்டு. ஒரு ஸ்லைடுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் ஆயிரம் ஸ்லைடுக்கு 33 மணி நேரமே ஆகும். ஒரு செமஸ்டர் விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலைதான்!

ஆனால் இயந்திரத்தை முழுதும் நம்பிவிடலாகாது. அட்டைச் சட்டம் வளைந்திருந்தால் ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். மெல்லிய சட்டங்கள் இரண்டிரண்டாக ஒட்டி நுழையும். பதினேழாம் ஸ்லைடோடு பதினெட்டும் சேர்ந்து போய்விட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு படமும் அண்டைவீட்டுக்காரன் பெயரைச் சூடிக்கொள்ளும். கோபுரத்தின் பெயரில் குளம் வரும். குளத்தின் பெயரில் தேர் வரும். எனவே ஸ்கேன் செய்யுமுன், சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஆண்டு, இடம், பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் வரிசை எண்ணிட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். தூசியை ரப்பர் குமிழால் ஊதித் தள்ளவேண்டும். வேட்டி நுனியால் துடைக்கலாகாது. படியெடுத்த பின்னும் மூலத்தை எறிந்துவிடாமல், உரியவரிடமே திருப்பித் தரவேண்டும்.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இன்று பசுமை படர்ந்து நிற்கும் நம் மலை 1980களில் பெரும்பாலும் மொட்டைப் பாறையாகக் காட்சியளித்தது என்பர் பெரியோர். மரம் நட்டவர்களின் உழைப்பு எவ்வளவு என்பதற்கு, தேதியிட்ட ஒரு பழைய ஸ்லைடைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

மற்றொன்று என் நெஞ்சுக்கு நெருக்கமானது. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் காமிரா ஏது? கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேர்வடம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அவர் முகம் எங்கேனும் பதிவாகியிருக்குமானால், யாரோ வெளியூரார் எடுத்த ஸ்லைடின் ஓரத்தில்தான் இருக்கும். அதன் சட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? "தேர், பக்தர்கள்" என்று இரண்டே சொற்கள்! 217 அடிக் கோபுரத்துக்குப் பெயர் உண்டு. அதைக் கட்டத் தொடங்கிய கிருஷ்ணதேவராயருக்குப் பெயர் உண்டு. வடம் இழுத்தவனுக்கு மட்டும் பெயர் இல்லை. இக்குறையை எந்த ஃபீடரும் தீர்க்காது. வடம் பிடித்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். படத்தை அவர்கள் முன் வைத்து, "இது யார் தாத்தா?" என்று கேட்டால் அவர்கள்தான் சொல்லமுடியும். பத்தாண்டு கழித்துக் கேட்போமானால், அது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரமே ஆகும்.

ஆகவே என் கருத்து இதுதான். நம் ஊர்க் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் துறை அலமாரிகளிலும் ஊரார் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் ஸ்லைடுகளை முதலில் பட்டியலிட வேண்டும். கருவி வாங்கப் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வெள்ளை விளக்குப் பெட்டியும் ஒரு கைப்பேசியும் இருந்தால் பெயர் கேட்கும் வேலையை நாளையே தொடங்கிவிடலாம். ஸ்கேன் பின்னால் வரட்டும்; பெயர் முன்னால் வரட்டும். படியெடுப்பது இயந்திரத்தின் கடமை. பெயரிட்டு அழைப்பது நம் கடமை. எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறை, எழுதப்படாமல் போன தலைமுறைக்குச் செய்யும் கைம்மாறு இதுவே.

எழுக, தோழர்களே! நோட்டும் பேனாவும் எடுத்து வருக!