பட்டணம் வந்ததும் கடன் எதற்கு?

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். தென்மாவட்டத்துப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. வேலைக்கு வந்தவர், படிக்க வந்தவர், கலியாணமாகிப் புதுக்குடித்தனம் போட வந்தவர் என்று கூட்டம் இறங்குகிறது. கையில் பெட்டி. தோளில் பை. சிலரிடம் பாய்ச்சுருள். ஒரு தாயார் மடியில் குத்துவிளக்கு இருக்கிறது, பழைய சேலையில் சுற்றி.

1908-ல் எழும்பூர் ரயில் நிலையம் திறந்த காலத்திலும் இப்படித்தான் வந்து இறங்கினார்கள். இறங்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 48 பேர் நகரங்களில் வாழ்ந்தார்கள். அவர்களில் பலருடைய தகப்பனாரோ, பாட்டனாரோ ஏதோ ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்தான். ஆகவே, புதிதாக வந்தவர் யாரைப் பார்த்தும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் கூச்சப்படுகிறார்கள்! அந்தக் கூச்சம்தான் பல குடும்பங்களைக் கடனில் கொண்டுபோய்த் தள்ளுகிறது.

சோபா வந்தது, தூக்கம் போனது

வீடு கிடைத்துவிட்டது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் மனைவியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் உட்கார நாற்காலி இல்லை.

"பாய் விரித்து உட்கார வைத்தால் என்ன நினைப்பார்கள்?"

இந்த ஒரு கேள்வி போதும். சனிக்கிழமை மாலையே கணவனும் மனைவியும் கடைக்குப் போகிறார்கள். சோபா வாங்குகிறார்கள். சோபாவுக்கு எதிரே வைக்கப் பெரிய டெலிவிஷன். டெலிவிஷனை வைக்க ஒரு மேஜை. "இப்போது பணமே வேண்டாம், மாதத் தவணை கட்டினால் போதும்" என்கிறார் கடைக்காரர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 9,000. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு என்று 1,500. மீதி 14,500. இதில் தவணை 5,500 போனால், கையில் நிற்பது 9,000.

அரிசி, பருப்பு, பால், காஸ், பஸ், பள்ளிக்கூடம், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது, எல்லாம் இந்த 9,000-க்குள் அடங்க வேண்டும். குழந்தைக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தால் போதும். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விடும்.

"வட்டியே கிடையாது" என்று விளம்பரம் செய்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்றும், அந்தப் பெயரில் கடன் கொடுக்கக் கூடாது என்றும் அதில் சொல்லியிருந்தது. வட்டி இல்லை என்றால், அது வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். நடைமுறைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அல்லது, ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது. "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கேட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சென்னை ஈரம்

கடன் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்கிய சாமானாவது நிலைக்குமா?

மலிவு விலையில் பளபளவென்று விற்கும் மேஜைகளும் அலமாரிகளும் பெரும்பாலும் முழு மரம் அல்ல. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அமுக்கிச் செய்த பலகை. மேலே மரம் போலத் தெரியும் தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அந்தப் பலகை ஊறி உப்பிவிடும். பிறகு காய வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

சென்னை கடற்கரை ஊர். காற்றிலேயே ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர்கள் பூத்துவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். தவணை முடியாத அலமாரி தெருவில் குப்பையாகக் கிடந்தது. தவணை மட்டும் தொடர்ந்து போனது!

அதே வெள்ளத்தில் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டவர்கள் பிழைத்தார்கள். ஜமுக்காளத்தைக் கழுவிக் காயப்போட்டவர்கள் பிழைத்தார்கள்.

பத்தமடைப் பாய் என்றால் தெரியாதவர் உண்டா? தாமிரபரணிக் கரைப் பக்கத்துக் கோரையில் நெய்த பாய். உடம்புக்குக் குளிர்ச்சி. பவானி ஜமுக்காளம், பட்டை பட்டையாக நிறம் போட்ட முரட்டுப் பருத்தி. புவிசார் குறியீடு பெற்ற சாமான்கள் இவை. பெரிய ஊர்க் கண்காட்சிகளில் இவற்றை விலை கேட்டு வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குடும்பமோ, விருந்தாளி வருகிறார் என்றால் அவற்றைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கிறது. வேடிக்கைதான்!

உட்கார நாற்காலி வேண்டும் என்றால், பிரம்பு நாற்காலி இரண்டு போதும். ஒரு கையால் தூக்கி இடம் மாற்றலாம். சின்ன வீட்டுக்கு அதுதான் பாந்தம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மூங்கில் தட்டி போட்டால் கத்திரி வெயில் மட்டுப்படும். கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால், மாலையில் வரும் கடல்காற்றும் வெளியே நின்றுவிடும். அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று இருந்தால் அதுவே நல்ல திரை. காற்று வரும். கண்ணுக்கும் இதம்.

பாட்டிக்கு ஓர் இடம்

வீட்டை அலங்கரிக்கும்போது பலரும் மறந்துவிடுவது வயதானவரை.

ஊரில் பாட்டிக்குத் திண்ணை இருந்தது. தெருவில் போகிறவர், வருகிறவரோடு ஒரு வார்த்தை பேசினால் பொழுது போய்விடும். பட்டணத்து மாடி வீட்டில் திண்ணை இல்லை. நடுக்கூடத்தில் சோபா. அதில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. காலைத் தொங்கவிட்டால் வீக்கம். பாட்டி சமையலறை ஓரத்திலோ, கட்டில் மூலையிலோ போய் ஒண்டிக்கொள்கிறார். கொஞ்ச நாளில், "என்னை ஊரிலேயே கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார்.

தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதன் அடியில் ஒரு தாழ்வான கட்டில் அல்லது அகலப் பெஞ்சு. அதன்மேல் ஒரு ஜமுக்காளம். பக்கத்தில் வெற்றிலைப்பெட்டி, கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு. அதுவே திண்ணை. வீட்டுக்கு முதலில் செய்யவேண்டிய அலங்காரம் இதுதான். செலவு என்று பார்த்தால் அதிகம் ஆகாது.

ஆணி அடிக்கலாமா?

"வாடகை வீட்டில் என்ன அலங்காரம்? ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. கேட்டுவிட்டு அடிப்பதே மரியாதை.

ஆனால், குடியிருப்பவருக்கும் உரிமை உண்டு. 2017-ல் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுங்காலப் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர் மாற்றுவது போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு. இதிலும் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படிக்கவேண்டும். படிக்கத் தடுமாற்றமாக இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்டுக்கொள்ளவேண்டும். ஆணி விஷயத்தையும் அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் சண்டை இல்லை!

வேட்டியா, பேண்ட்டா?

வீட்டைப் பற்றிய கூச்சம் உடுப்பிலும் வருகிறது.

மின்சார ரயிலில் முட்டி மோதி ஏறும் பெண் சுடிதார் அணிகிறாள் என்றால், அது அவளுக்கு வசதி. யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அதே பெண் ஊருக்குப் போகும்போது சேலை கட்டினால், அதுவும் அவள் விருப்பம். ஆனால், "கிராமத்துக்காரி என்று சிரிப்பார்களோ" என்று பயந்து, இருக்கும் நல்ல கைத்தறிச் சேலைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, புதுத்துணிக்குக் கடன் வாங்குவது வீண்.

வேட்டிக்கும் இந்த ஊரில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். நாடே பேசியது. அந்த ஆண்டே சட்டசபை ஒரு தனிச்சட்டம் நிறைவேற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமமே ரத்தாகலாம். சிறைத்தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. நீதிபதிக்கே இப்படி என்றால், சாதாரண மனிதரின் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

சௌகார்பேட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருக்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். வியாபாரம் செய்கிறார்கள். தங்கள் உடுப்பையும் பலகாரத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தப் பலகாரத்தைத் தேடித்தான் மற்றவர்கள் மின்ட் தெருவுக்குப் போகிறார்கள்!

வாசலில் கொஞ்சம் மாவு

புது ஊரில் மிகப் பெரிய கஷ்டம் சாமான் இல்லாதது அல்ல. ஆள் இல்லாதது.

கணவன் வேலைக்குப் போகிறார். பிள்ளை பள்ளிக்குப் போகிறது. வீட்டில் இருப்பவள் பகல் முழுவதும் மூடிய கதவுக்குள். எதிர்க் கதவும் மூடியிருக்கிறது. மூன்று மாதம் ஆகியும் அங்கே இருப்பவர் பெயர் தெரியாது. சோபாவும் டெலிவிஷனும் கதவுக்கு உள்ளே இருப்பவை. வாசல்தான் அடுத்தவர் கண்ணில் படுகிறது.

காலையில் கதவுக்கு முன் ஒரு கோலம். நடைபாதை பொது இடம் என்றால், தன் வாசற்படி அளவுக்குச் சின்னதாக ஒன்று போதும். ஒட்டும் காகிதக் கோலம் வேண்டாம். அது ஒரு நாள் ஒட்டினால் தீர்ந்தது. மாவுக்கோலம் போட தினமும் கதவைத் திறந்து குனிய வேண்டும். குனிந்து நிமிரும்போது எதிர் வீட்டுக்காரரும் கதவைத் திறப்பார். நவராத்திரிக்கு மூன்று படி கொலு வைக்கும் வீடும், டிசம்பரில் காகித நட்சத்திரம் தொங்கவிடும் வீடும், ரம்ஜானில் நோன்புக்கஞ்சியைத் தூக்குப்பாத்திரத்தில் கொடுத்தனுப்பும் வீடும் இதைத்தான் செய்கின்றன.

எதிர் வீட்டில் இருப்பவர் தமிழர் என்றே இருக்க வேண்டியதில்லை. ஆந்திரக்காரர் என்றால் அவர்கள் ஊரில் இதற்கு முக்கு என்று பெயர். ஒடிசாக்காரர் என்றால் ஜோட்டி என்பார்கள். மார்கழியை ஒட்டி வரும் அவர்கள் மாதத்தில், வியாழக்கிழமைகளில் அரிசியை அரைத்த மாவுக் கரைசலால் வாசலில் இருந்து வீட்டுக்குள் லட்சுமியின் பாதம் வரைவார்கள்.

"இது என்ன கோலம்?" என்று ஒருத்தி கேட்பாள். பாஷை அரைகுறையாக இருந்தாலும் அவள் கைவிரல் சொல்லிவிடும். அடுத்த நாள் மாவு கடன் கேட்பாள். அதற்கடுத்த வாரம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டரிடம் போகலாம், எந்தக் கடையில் காய் மலிவு, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அவளே சொல்லிவிடுவாள்.