கார்பைனுக்கு மட்டும் ஏன் கொடி இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் புதுச்சேரிப் பக்கத்தில் வந்த துப்பாக்கிச் சுடும் போட்டிப் பரிசளிப்புப் படத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் இதை எழுதுகிறேன். சிறப்பு விருந்தினர் கையில் கார்பைன். விரல் டிரிக்கர் மேல். குழல் வாய், கோப்பையோடு பக்கத்தில் நிற்கும் வீராங்கனையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுற்றி நிற்கிற அதிகாரிகள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியின் சேம்பர், அதாவது குண்டு ஏறி நிற்கும் அறை, காலியாக இருந்தது என்பதற்கு அந்தப் படத்தில் என்ன அத்தாட்சி இருக்கிறது? ஒன்றும் இல்லை. நீங்களும் அதை நான்கு பத்தி அகலத்துக்கு வெளியிட்டீர்கள்.

சீருடைப் படைகளுக்கான அந்தப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். தம்பி மகன் சீருடைப் பணியில் இருக்கிறான். குடும்பத்தோடு வரலாம் என்று அழைத்திருந்ததால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபயரிங் பாயின்ட்டுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் ஷாமியானா போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். சுட்டு முடித்தவர்கள் கார்பைனைத் தோளில் தொங்கவிட்டபடி எங்கள் நாற்காலி வரிசைக்கு முன்னாலேயே போய் வந்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். பெல்ட் நழுவி, குழல் நேரே என் மடியில் இருந்த சின்னவளின் முகத்துக்கு வந்து நின்றது. ஒரு சாண் தூரம்கூட இல்லை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவர் கவனிக்கவே இல்லை, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். சேம்பர் காலி என்று காட்டச் செருகும் பாதுகாப்புக் கொடியான சேஃப்டி ஃபிளாக், அன்று அங்கே நான் பார்த்த எந்தக் கார்பைனிலும் இல்லை.

பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "மேகசீன் கழட்டியாச்சுங்க ஐயா, என்.எஸ்.பி. பண்ணியாச்சு. அப்புறம் என்ன பயம்?" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், "ஃபிளாக் எல்லாம் ஒலிம்பிக்காரங்களுக்குங்க, நமக்கு எதுக்கு?" என்றார். நானும் ராணுவத்தில் இருந்து வந்தவன்தான். எனக்கு என்.எஸ்.பி. என்கிற பாதுகாப்புச் சோதனை தெரியும். "காலி கர்", "ஜாஞ்ச் சஸ்த்ர" என்கிற ஆணைகளுக்கு என்ன பொருள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்.எஸ்.பி. என்பது ஒரு நொடியில் ஒரு அதிகாரி எட்டிப் பார்க்கிற சோதனை. அவர் பார்த்தது அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் கழித்து அதே துப்பாக்கியோடு என் முன்னால் ஒருவர் குனியும்போது எனக்கு எப்படித் தெரியும்? கொடி செருகியிருந்தால் ஷாமியானாவில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மேகசீனைக் கழற்றினால் தீர்ந்தது என்கிற பேச்சைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அங்கே இருந்தவை நம் நாட்டில் செய்த 9 மி.மீ. ஸ்டெர்லிங் வகைக் கார்பைன்கள். அவை திறந்த போல்ட்டில் இருந்து சுடுபவை. காக் செய்தால் போல்ட் பின்னால் நிற்கும். டிரிக்கரை இழுத்ததும் முன்னால் பாய்ந்து, மேகசீனில் இருந்து ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய் சேம்பரில் ஏற்றி, அதே வீச்சில் வெடிக்க வைக்கும். ரைபிளில் போல்ட் திறந்திருப்பதைப் பார்த்தால் நமக்கு நிம்மதி. மேகசீன் மாட்டிய கார்பைனில் போல்ட் பின்னால் நிற்கிறது என்றால் அது சுடத் தயாராக நிற்கிறது என்று பொருள். போல்ட் முன்னால் போய்விட்டாலோ உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மிஸ்ஃபயர் ஆகி சேம்பரிலேயே தங்கிவிட்ட ரவுண்டு, மேகசீனைக் கழற்றினால் வெளியே வந்து விழாது. இந்த இனத்தின் மூத்த துப்பாக்கியான ஸ்டென் கன், கீழே விழுந்தாலே வெடித்துவிடும் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பேர் வாங்கியது. இப்படிப்பட்ட ஆயுதத்துக்குத்தான் கொடி வேண்டாம் என்கிறார்கள்.

ஒலிம்பிக்காரர்களின் விதியையும் சொல்கிறேன். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி ரைபிள், பிஸ்டல் எல்லாவற்றிலும் பளிச்சென்ற நிறத்தில் சேஃப்டி ஃபிளாக் இருந்தாக வேண்டும். 4.5 மி.மீ. ஈயக்குண்டு போடும் காற்றுத் துப்பாக்கிக்கு, குழலின் முழு நீளத்துக்கும் அது நீண்டிருக்க வேண்டும். எச்சரித்த பிறகும் மறுப்பவர் போட்டியில் இருந்து நீக்கப்படுவார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கரின் ஏர் பிஸ்டலுக்கும் அதே விதிதான். காகித அட்டையில் ஓட்டை போடுகிற துப்பாக்கிக்கு இவ்வளவு கட்டுப்பாடு. ஆளைக் கொல்வதற்கென்றே செய்த கார்பைனுக்கு ஒன்றுமே இல்லை. சீருடைப் படைகளின் போட்டிக்கு அந்த விதி பொருந்தாது என்றால், அதைவிடக் கடுமையான விதியை இவர்களே எழுதியிருக்க வேண்டாமா?

செலவு என்று யாரும் வாய் திறக்க வேண்டாம். ஏர் ரைபிள் பிள்ளைகள் பலர், புல் வெட்டும் மெஷினுக்கு மாட்டுகிற ஆரஞ்சு நைலான் நரம்பை வாங்கி வெட்டிச் செருகிக்கொள்கிறார்கள். கார்பைனுக்கு வேண்டியது சேம்பருக்குள் நுழைகிற ஒரு பிளாஸ்டிக் நாக்கும், வெளியே தெரிகிற ஒரு வாலும். நாக்கு உள்ளே இருக்கும்வரை ரவுண்டு ஏற இடமில்லை. அன்றைக்கு நுழைவாயிலில் வரிசையாகக் கட்டியிருந்த வரவேற்பு பேனர்களில் ஒன்றைக் குறைத்திருந்தால் எல்லாக் கார்பைன்களுக்கும் வாங்கியிருக்கலாம்.

நம் அதிகாரிகளுக்கு ஒரு உயிர் போன பிறகுதான் கோப்பு நகரும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, 2021 டிசம்பர் 30 அன்று, துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் இருந்து வந்த குண்டு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். அதை ஒரு கொடி தடுத்திருக்காது, அது பயிற்சியில் சுட்ட குண்டு. ஆனால் தளத்தை மூடும் உத்தரவும் 10 லட்சம் ரூபாய் நிவாரணமும் எப்போது வந்தன? குண்டு பாய்ந்த பிறகு. அதற்கு முன்பு அந்த ஊர் மக்களின் பயத்தை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு பாடம் வேண்டுமென்று காத்திருக்கிறார்களா?

புதுச்சேரி உள்துறையும் காவல்துறைத் தலைமையகமும் அடுத்த போட்டிக்கு முன்பாக எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். ஃபயரிங் பாயின்ட்டை விட்டு நகரும் ஒவ்வொரு கார்பைனிலும் ஆரஞ்சுக் கொடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீரரின் புள்ளிகளை ரத்து செய்ய வேண்டும். பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் ஆயுதத்தோடு யாரும் வரக் கூடாது. விருந்தினர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படம் எடுக்கிற வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். அதுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எந்தப் போட்டிக்கும் பார்வையாளராக அனுப்ப மாட்டேன். மற்ற பெற்றோரும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
பண்டசோழநல்லூர், புதுச்சேரி.