தாடியைக் கலாய்த்த ஊர்!

ராஜாவைக் கலாய்ச்சுப் பாட்டுக் கட்டினா என்ன ஆகும்? தலை போகும்! தன்னைக் கிண்டலடிச்ச அலெக்ஸாண்ட்ரியா மக்கள் மேல கி.பி. 215-ல் படையையே ஏவிவிட்டார் ரோமப் பேரரசர் கராகல்லா. ஆனா, அதே ரோமப் பேரரசில் பதிலுக்குப் பேனாவை எடுத்த ஒருத்தரும் இருந்தார் பாஸ்... பெயர், ஜூலியன்!

பாரசீகத்தின் மேல் படையெடுக்கும் திட்டத்தோடு 362 கோடையில் அந்தியோக்கியாவுக்கு வந்தார் ஜூலியன். இன்றைய துருக்கியின் அந்தாக்யாதான் அந்த ஊர். குதிரை ரேஸ், நாடகம், திருவிழானு எப்பவும் ஜாலி மூடில் இருக்கிற சிட்டி. கிறிஸ்தவர்கள் அதிகம். ஜூலியனோ பழைய கடவுள்களுக்கு மாடு மாடாகப் பலி கொடுக்கிற ஆசாமி. தியேட்டர் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். போதாக்குறைக்கு தத்துவஞானி ஸ்டைலில் தாடி வேற!

அந்த நேரம் பார்த்து வறட்சி. தானிய விலை எகிறியது. ஜூலியன் விலைக்கு உச்சவரம்பு போட்டார், வெளியூரிலிருந்து தானியம் வரவழைத்தார். ஆனா, ஊர்ப் பணக்காரர்கள் தானியத்தை ரகசியமா அதிக விலைக்குத் தள்ளிவிட்டாங்க என்பது அவரோட புகார்.

ஊர் பாட்டுக் கட்ட ஆரம்பித்தது. 'குரங்கு', 'ஆட்டுத் தாடி', 'பூசாரி இல்ல, கசாப்புக்காரர்', 'அந்தத் தாடியில கயிறு திரிக்கலாம்'னு செம ஓட்டு!

ஜூலியன் வாளைத் தொடலை. 363-ன் தொடக்கத்தில் 'மிசோபோகன்' எழுதினார். அதாவது, 'தாடியை வெறுப்பவர்'. என் தாடிக்குள் பேன் ஓடுதுனு தன்னையே கிண்டலடிச்சுக்கிட்டே ஊரையும் ஒரு பிடி பிடித்தார். அதை அரண்மனைக்கு வெளியே ஒட்டிவைத்ததாக எழுதுகிறார் பிற்கால வரலாற்றாசிரியர் மலாலாஸ்.

பெருந்தன்மைனு அவசரப்பட்டுக் கைதட்டிடாதீங்க. மார்ச்சில் கிளம்பும்போது, முரட்டு ஆசாமி ஒருத்தரை சிரியாவுக்குக் கவர்னராக்கிவிட்டுப் போனார். 'இந்த ஊருக்கு இவர்தான் சரி' என்பது அவர் சொன்ன காரணம். இனி இங்கே வர மாட்டேன், தார்சஸில்தான் தங்குவேன்னும் அறிவித்தார். சொன்னபடி தார்சஸுக்குத்தான் போனார்... பிணமாக! அந்த ஜூனில் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

கிண்டலுக்குப் பயப்படாத ராஜா கிடையாது. சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னவருக்கும் உள்ளே வலித்திருக்கிறது. அதுதான் பாட்டோட பவர்! ஆனா, ஊரே தாடியைப் பார்த்துச் சிரிக்கும்போது நிம்மதியா இருந்தது யாரு? தானியத்தில் காசு பார்த்தவங்கதான்.

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் எழுதுற மக்களே, தாடியைக் கலாய்க்கிறது ஈஸி. குடோன் சாவி யார் இடுப்புல இருக்குனு பார்த்துக் கலாய்ங்க!