செனட் ஹவுஸும் அப்பாவின் கேள்வியும்

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த விஷயம் இது. போன வாரம் அப்பா மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன்.

என்னோட பட்டம் எனக்குத் தபால்ல வந்துச்சு. சிரிக்காதீங்க, எங்க பக்கம் நிறைய பேருக்கு அப்படித்தான். ஊர் பெரணமல்லூர். படிச்சது செய்யாறு அரசு கலைக் கல்லூரி, 90-கள்ல. கேள்வித்தாள், மார்க் ஷீட், டிகிரி எல்லாத்துலயும் மேல 'சென்னைப் பல்கலைக்கழகம்'னு இருக்கும். 2002-ல் வேலூருக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வர்ற வரைக்கும் வடாற்காடு கல்லூரிகள் எல்லாம் அதுக்குக் கீழதான். ஆனா அந்தப் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும்னு எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கும் தெரியாது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகணும்னா பஸ் செலவு, அங்கி வாடகை, ஒரு நாள் பொழப்பு. எதுக்குன்னு 'இன் அப்சென்ஷியா'ன்னு ஃபாரம் போட்டுட்டோம். தபால்காரர் கவரை நீட்டினப்போ அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, கையை லுங்கியில துடைச்சிகினு வாங்கினார். அது இன்னும் பட்டுச்சேலை வைக்கிற பெட்டியிலதான் இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம். ஆகஸ்ட் 22 சென்னை தினம்னு 2004-லேர்ந்து கொண்டாடறாங்க இல்லையா. அந்த வாரத்துல ஊரைச் சுத்திக்காட்டற நடைகள் நிறைய இருக்கும். அதுல ஒண்ணு சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகம். அப்பாவைக் கூட்டிப் போலாம்னு தோணுச்சு. அவருக்கு எழுபத்தி நாலு. முதல் நாளே சென்னைக்கு வரவெச்சு, காலைல ஆறரைக்கெல்லாம் கடற்கரைச் சாலையில நின்னோம். வெள்ளை வேட்டி, பாக்கெட்ல மூக்குக்கண்ணாடி. கல்யாணத்துக்குப் போற மாதிரி ரெடியாகி வந்திருந்தார்.

சுமார் முப்பது பேர். வழிகாட்டி ஒரு சின்னப் பொண்ணு. நல்ல பொண்ணுங்க, விஷயம் தெரிஞ்ச பொண்ணு, காசு வாங்காம இதைச் செய்யுது. ஆரம்பிச்சதுலேர்ந்து முடிக்கிற வரைக்கும் இங்கிலீஷ். நான் எண்ணிப் பார்த்தேன், கூட்டத்துல தமிழ் தெரியாத ஒரு ஆள் கிடையாது. நடுவுல அந்தப் பொண்ணுக்கு வீட்லேர்ந்து போன். "அம்மா, வெச்சிடு, வாக்ல இருக்கேன்"னு அழகான தமிழ்ல பேசிட்டு மறுபடியும் இங்கிலீஷுக்குத் தாவிடுச்சு :-)

"அப்பாவுக்காகக் கொஞ்சம் தமிழ்லயும் சொல்லுங்களேன்மா"ன்னு கேட்டேன். "கடைசியில ஷார்ட்டா சொல்றேன் சார்"னுது. சொல்லவும் செஞ்சது. ரெண்டு மணி நேரம் இங்கிலீஷ்ல கேட்டதுக்கு தமிழ்ச் சுருக்கம் இதான்: "அங்கிள், இது ரொம்பப் பழைய பில்டிங். வெள்ளைக்காரங்க கட்டினது."

அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன இருந்துச்சுன்னு கேப்பீங்க. கட்டடம் இருந்துச்சு. 1864-ல் அரசாங்கம் வரைபடம் கேட்டது, ராபர்ட் சிஸம் ஜெயிச்சது, 1874-ல் ஆரம்பிச்சு 1879-ல் முடிச்சது, நாலு மூலையிலயும் கோபுரம், இந்தோ சாரசனிக் பாணி, முன்னாடி நிக்கிற விக்டோரியா மகாராணி சிலை. எல்லாம் சரியான தகவல்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்லை. உள்ள அந்தப் பெரிய மண்டபத்துல நின்னப்போ எனக்கே புல்லரிச்சது. அப்பா தலையை அண்ணாந்து கலர் கண்ணாடியையே பார்த்துகினு நின்னார். "இந்தச் செவப்ப பேட்டுல குடுத்தா நிக்கும்டா"ன்னார். ஆரணிச் சேலைக்குப் பேட்டு நெய்யறவர் கண்ணு வேற எங்க போகும்!

அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. "ஏன்டா நைனா, உன் பேரு எழுதின நோட்டு எந்த ரூம்ல இருக்கும்?"

நான் முழிச்சேன். பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல மாத்திக் கேட்டேன். அதுவும் முழிச்சது. கேள்வியே அதுக்குப் புரியலை. ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ள வந்தா யாராவது பேரு இருக்கிற நோட்டைக் கேப்பாங்களான்னு பார்த்தது.

எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா அதே நினைப்பு. அப்பா கேட்டதுதானே சரியான கேள்வி? அந்தப் பல்கலைக்கழகம் 1857-ல் பொறந்தப்போ அதுக்கு வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. பரீட்சை வைக்கும், பாஸானவன் பேரை எழுதி வெச்சுக்கும், பட்டம் குடுக்கும். அவ்வளவுதான் வேலை. தனக்குன்னு பேராசிரியர்களைப் போட ஆரம்பிச்சதெல்லாம் 1914 வாக்குல. அப்போ அந்த இடத்தோட சரித்திரம்னா என்ன? முதல்ல அந்தப் பேருங்கதான். சிஸம் வர்றதுக்கு முன்னாடியே அது ஆரம்பிச்சாச்சு.

முதல் பேரு யாருதுன்னு தெரியுமா? 1858-ல் முதல் பி.ஏ. பரீட்சையில தேறினது ரெண்டே பேர். சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க! அதுல தாமோதரம்பிள்ளைதான் பின்னால ஓலைச்சுவடியிலேர்ந்து கலித்தொகையை 1887-ல் அச்சுல கொண்டு வந்தவர். நம்ம ஈழத்து நண்பர்கள் இதைப் படிச்சா கொஞ்சம் காலரைத் தூக்கிக்கலாம். அந்த மண்டபத்துல நின்னுகினு இதை ஒருத்தர் சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்? எங்க நடையில சிஸமுக்கு இருபது நிமிஷம். தாமோதரம்பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை.

அடுத்தது ராமானுஜன். எஃப்.ஏ. பரீட்சையில தேறாதவர். அந்தப் பரீட்சையை நடத்தினது இதே பல்கலைக்கழகம். 1913-ல் அவருக்கு மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்ததும் இதே பல்கலைக்கழகம். ஃபெயிலாக்கின ஆபீஸே சட்டத்தைக் கொஞ்சம் வளைச்சுக் கூப்பிட்டு வெச்சு சோறு போட்டிருக்கு. அரியர் வெச்ச எல்லாருக்கும் இதைச் சொல்லணும் இல்லையா? (நான் மூணு வெச்சேன். அப்பாவுக்கு ஒண்ணுதான் தெரியும்.)

எல்லாத்தையும் விட எனக்கு வருத்தம் அகராதிதான். நாம ஒரு வார்த்தைக்கு 'ற'வா 'ர'வான்னு சந்தேகம் வந்தா எங்க போய்ப் பார்க்கறோம்? சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்துல ஏத்தி வெச்சிருக்கிற தமிழ் லெக்சிகன்ல. அது யாரோடது? சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா போட்டது, அப்புறம் 1939-ல் ஒரு அனுபந்தம். லட்சத்துக்கு மேல சொல்லு. வையாபுரிப் பிள்ளை 1926-ல் பதிப்பாசிரியரா வந்து முடிச்சுக் குடுத்தார். தமிழ்ல எழுதற ஒவ்வொருத்தனும் அந்த வீட்டு உப்பைத் தின்னவன்தான். அந்த வளாகத்தைச் சுத்திக்காட்டறப்போ அகராதின்னு ஒரு வார்த்தை வரலைன்னா, தஞ்சாவூர் போயிட்டு கோயிலைப் பத்திப் பேசாம ஸ்டேஷனைக் காட்டின மாதிரி.

இங்கிலீஷ் நடை வேண்டாம்னு நான் சொல்லலை. வெளியூர்க்காரங்களுக்கு அது வேணும். ஆனா அதே வாரத்துல தமிழ்ல ஒண்ணு வைக்க என்ன கஷ்டம்? ஹார்வர்டுல வளாகத்தைச் சுத்திக்காட்டறது அங்க படிக்கிற பசங்களே. ஜான் ஹார்வர்டு சிலைகிட்ட நிறுத்தி, சிலையில இருக்கிறது அவர் முகமே இல்லை, அவர் நிறுவனரும் இல்லை, அதுல போட்டிருக்கிற வருஷமும் தப்புன்னு சொல்லி சிரிக்க வைப்பாங்களாம். அந்த மாதிரி இங்க தமிழ் எம்.ஏ. படிக்கிற ஒரு பையனை விட்டுப் பாருங்க, பிச்சு உதறுவான். கூட்டம் வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒரே பதில். இந்தப் பல்கலைக்கழகத்தோட பட்டத்தை வாங்கிட்டு வாசப்படியை மிதிக்காத ஆளுங்க செய்யாறு, ஆரணி, வந்தவாசின்னு எங்க பக்கத்துலயே எத்தனை பேர்! அவங்க அப்பா அம்மாவுக்கும் பார்க்க ஆசை இருக்கும். அவங்களுக்குக் கோபுரம் எந்தப் பாணின்னு தெரிஞ்சுக்கிற அவசரம் இல்லை. புள்ளை பேரு எங்க இருக்குன்னுதான் தெரியணும்.

அன்னிக்குச் சாயங்காலம் ஊருக்குத் திரும்பற பஸ்ல, காஞ்சிபுரம் தாண்டினதும், அப்பாகிட்ட நான் தமிழ்ல ஒரு நடை நடத்தினேன். உக்காந்தபடியே. யாழ்ப்பாணம், ராமானுஜன், எல்லாம் சொன்னேன். ராமானுஜனுக்கு "ஃபெயிலானவனுக்கா குடுத்தாங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அகராதின்னதும் நம்பலை. "நம்ம தறி வார்த்தை எல்லாம் அதுல எங்கடா இருக்கப்போவுது?"

போனைத் திறந்து பாவுன்னு போட்டுக் காட்டினேன். இருந்துச்சு. ஊடைன்னு போட்டேன். அதுவும் இருந்துச்சு. கண்ணாடியை மாட்டிகினு போனை வாங்கி, பஸ் குலுங்கற குலுங்கலுக்கு நடுவுல கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இதைச் சொல்லவே இல்லையேடா."

போன வாரம் எடுத்த பேச்சும் இதான். இந்த ஆகஸ்ட்லயும் நடை இருக்கா, இருந்தா தமிழ்ல சொல்றாங்களான்னு விசாரிச்சு வெக்கச் சொன்னார். பக்கத்துத் தறிக்காரரோட பொண்ணும் அதே பல்கலைக்கழகத்துல பி.காம். முடிச்சதாம், அவரும் வர்றேன்னாராம். உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.