மூணு வட்டியும் முன்பணமும்

கடற்கரை ஊர்களில் தெரிந்த கணக்குதான். வியாபாரி இன்றைக்கு முன்பணம் தருவார். நாளைக்குப் படுகிற மீன் அவருக்கு. மத்திய அரசும் இதே வியாபாரம் பண்ணுகிறது ஸார்... பெயர் மட்டும் கௌரவமாக ‘கம்யூட்டேஷன்’!

மணப்பாட்டு மாமா 60 வயசில் தபால் துறையிலிருந்து ரிட்டயர் ஆனார். 2004-க்கு முன்னால் சேர்ந்தவர், பழைய பென்ஷன்.

“ஏல மருமவனே, நீ பி.காம்.ல்லா... 40 சதவீதம் வரை விக்கலாமாமே, வித்துருவமா?”

பி.காம். படித்தவனிடம் ஊரே கணக்கு கேட்கும். வேலை மட்டும் தராது!

மாதம் 1,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், உடனே 98,328 ரூபாய். அந்த ஆயிரம் 15 வருஷம் வராது, மொத்தம் 1,80,000. கிட்டத்தட்ட 9 சதவீத வட்டி! ஆனால், நடுவில் ஆள் போய்விட்டால் மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. குடும்ப பென்ஷனும் குறையாது.

“பணத்தை என்ன செய்யப் போறீய?”

“பேங்க்ல போடுவேன்.”

“அங்க அவ்வளவு வட்டி தர மாட்டான். விக்காதீய.”

அடுப்படியிலிருந்து அத்தை குரல்: “அந்த மூணு வட்டிக் கடனைச் சொன்னீயளா?”

மாமா கடலைப் பார்த்தார். மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம்!

“அப்ப வித்துருங்க மாமா. கடன் அடைக்க எவ்வளவோ, அவ்வளவு மட்டும். ஒரு வருஷத்துக்குள்ள எழுதிக் கொடுத்தா மெடிக்கல் டெஸ்ட்கூட இல்லை.”

நாளைக்கு உங்கள் அப்பாவும் கேட்பார். கால்குலேட்டரைத் தேடாதீர்கள். முதலில் அம்மாவை விசாரியுங்கள்!