வேலியில் பூத்த விஷம்

என் மாமனாருக்குச் சில வருஷங்களாகக் கால் பெருவிரலில் 'கவுட்' என்னும் வாத உபத்திரவம் உண்டு. அதற்கு வைத்தியர் கொடுக்கும் மாத்திரை கோல்சிசின். நம் கார்த்திகைப் பூச்செடியின் விதையிலிருந்தும் அந்த மருந்தை எடுக்கிறார்கள் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் மனிதர் கடப்பாரையும் கையுமாக வேலியோரம் நிற்கிறார்!

"கொல்லையிலேயே மருந்து விளையும்போது கடைக்காரனுக்கு ஏன் மாப்பிள்ளை பணம்? கண்வலிக் கிழங்கில் ஒரு துண்டை வேகவைத்துத் தின்றால் போயிற்று" என்றார்.

கடப்பாரையை வாங்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து அவருக்குச் சொன்னதையே இவ்வாரம் நேயர்களுக்கும் சொல்கிறேன்.

நம் சரீரத்தின் உயிரணு வெறும் நீர் நிரம்பிய பை அன்று. பந்தலுக்குக் கழியும் கயிறும் போல, அதனுள்ளே புரதத்தாலான இழைகள் உண்டு. ஆக்டின் என்னும் மெல்லிழைகள் விளிம்பை முன்னே தள்ளி அணுவை ஊரச் செய்கின்றன. சற்றே தடித்த வேறு சில, இழுபட்டாலும் கிழியாமல் காக்கின்றன. மூன்றாவது வகைக்கு நுண்குழல் என்று பெயர். டியூபுலின் என்னும் புரத உருண்டைகள் சரம் சரமாய் அடுக்கி, பெரும்பாலும் 13 சரங்கள் ஒட்டி ஒரு குழலாகின்றன. 40,000 குழல்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும்!

பந்தல் என்றேன், உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். நட்ட பந்தற்கால் நட்ட இடத்தில் நிற்கும். நுண்குழலோ வளர்ந்துகொண்டே போய்த் திடீரெனச் சிதைந்து குறுகும், மறுபடியும் வளரும். அணு இரண்டாகப் பிரியும் வேளையில் பழைய குழல்கள் கலைந்து, குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் புதிய குழல்களாக அமைகின்றன. கோல்சிசின் டியூபுலினை இறுகப் பற்றிக்கொள்வது. பற்றப்பட்ட உருண்டை குழலின் நுனியில் ஏறிவிட்டால் அதற்குமேல் அடுக்கு வளராது.

1967-ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையில் காரி பாரிசி, எட்வின் டெய்லர் என்னும் இருவர், கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைக் கோல்சிசினில் சேர்த்து, அது எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். பிரியும் அணுக்களில் ஒட்டியது, அதில் வியப்பில்லை. ஆனால் மூளைத் திசுவிலும் ஏராளமாக ஒட்டிற்று. நரம்பணுக்கள் பிரிவதில்லையே? அங்கே குழல்களுக்கு வேறு உத்தியோகம். முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் நரம்பிழையில் சரக்குப் போகும் தண்டவாளங்கள் அவையே. 1985-இல் கண்டறியப்பட்ட கைனெசின் என்னும் புரதம், மூட்டை சுமக்கும் கூலியாளைப் போல, அடிக்கு எட்டு நானோமீட்டர் வீதம் அவற்றின்மீது நடக்கிறது. "அதற்குக் கால் உண்டா, சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். இரண்டு உண்டு. விஞ்ஞானிகள் அவற்றைத் தலைகள் என்று அழைப்பது வேறு விஷயம்!

"இதற்கும் என் பெருவிரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மாமனார்.

மூட்டில் யூரிக் அமில உப்பு ஊசி ஊசியாகப் படிகிறது. அதைத் தாக்க வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. வீக்கமும் வேதனையும் அந்தப் படையெடுப்பின் விளைவு. சொற்ப அளவு கோல்சிசின் வெள்ளணுவின் குழல்களைக் குலைத்து அதனை மந்தமாக்குகிறது, வலி தணிகிறது. அளவு மிஞ்சினாலோ, உடலில் ஓயாது பிரியவேண்டிய அணுக்கள் யாவும் பாதி வேலையில் நின்றுவிடும். முதலில் குடல்: வாந்தி, பேதி. பிறகு எலும்பு மஜ்ஜை: இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கும் சில வாரங்களில் தலைமயிர் கொட்டிவிடும். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்குத் துண்டில் எத்தனை என்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்? வேகவைத்தாலும் விஷம் போகாது. முறிப்பு மருந்தும் வழக்கில் இல்லை.

மாமனார் வெகுநேரம் அந்தச் சிவந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செடி இருக்கட்டும், பார்க்க அழகாய் இருக்கிறது" என்றார். மாலையில், பேரக் குழந்தைகள் கை எட்டாதபடி அவரே முள் வெட்டிவந்து சுற்றிலும் அடைத்தார்.